சிற்றூரின் குற்றக் கணக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

இங்கிலாந்தின் சிற்றூர்களில் வீடு வாங்க நினைக்கும் நம்மவர்கள் முதலில் பார்ப்பது காவல்துறை இணையதளத்தின் குற்ற வரைபடத்தைத்தான். 2011 முதல் தெருவாரியாக மாதந்தோறும் விவரம் வெளியாகிறது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் 400 பேர் வாழும் ஊரில் ஆண்டுக்கு 4 திருட்டு நடந்தாலே, ஆயிரம் பேருக்குப் பத்து என்று கணக்கு மிரட்டும். வரைபடப் புள்ளியும் சம்பவம் நடந்த வாசலைக் காட்டாது. அருகிலுள்ள பொதுவான ஓர் இடத்தையே காட்டும்.

அதற்காக அச்சமே வேண்டாம் என்று சொல்லமாட்டேன். செஷயரில் நாங்கள் வாழும் ஊரில், சென்ற குளிர்காலத்தில் பக்கத்து விவசாயியின் கொட்டகைப் பூட்டை அறுத்து, அவருடைய நான்கு சக்கர பைக்கைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். விடிந்தபோது ஈரமண்ணில் டயர் தடம் சாலைவரை நீண்டிருந்தது. அறுந்த பூட்டைக் கையில் வைத்தபடி அவர் நின்றதை என்னால் மறக்க முடியவில்லை. ஆடுகளுக்குத் தீவனம் கொண்டுபோக அவருக்கு இருந்தது அந்த ஒரு வண்டிதான். இத்தகைய திருட்டைத் தடுக்கவே 2023-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் தனிச் சட்டம் இயற்றியது.

பிரிட்டனின் முதல் அக்கம்பக்கக் கண்காணிப்புக் குழு 1982-இல் இதே செஷயரின் மோலிங்டன் என்னும் சிற்றூரில்தான் தொடங்கியது. குடிபோனதும் உங்கள் ஊர்க் குழுவில் சேருங்கள். சந்தேகம் எழுந்தால், அவசரமில்லாத தகவலுக்கான காவல்துறை எண் 101-ஐ அழையுங்கள். கண்ணெதிரே திருட்டு நடந்தால் அவசர எண் 999. வேறு யாராவது சொல்லியிருப்பார்கள் என்று விட்டுவிடாதீர்கள். அன்றிரவு சாலையில் வேன் நின்ற சத்தத்தை மூன்று வீட்டார் கேட்டோம். ஒருவரும் அழைக்கவில்லை.

– ஒரு வாசகி, செஷயர், இங்கிலாந்து