முதலில் மதிப்பெண் தாள், அப்புறம் இன்டர்வியூ

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வெளியூர்க் கல்லூரிகளில் படித்தவர்கள் ஐ.டி. இன்டர்வியூக்களில் ஏன் தேறுவதில்லை என்று சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். பாடத்திட்டம், ஆங்கிலம், கூச்சம் என்று எல்லாவற்றின் மீதும் குறை சொன்ன கட்டுரையாளர், இன்டர்வியூவை மட்டும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சேலத்தில் சின்னதாக ஒரு மென்பொருள் நிறுவனம் நடத்துகிறேன். மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து ஆள் எடுப்பவன் என்பதால் அந்தப் பாக்கியை நான் சொல்லிவிடுகிறேன்.

கையில் மார்க்கரைக் கொடுத்து போர்டு முன்னால் நிறுத்துகிறார்கள். பின்னால் மூன்று பேர் உட்கார்ந்து பார்க்க, யோசிப்பதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுத வேண்டும். வேலைக்குச் சேர்ந்த பிறகு ஒருநாளாவது யாராவது இப்படி நிரல் எழுதுகிறார்களா? அமெரிக்காவில் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகமும் மைக்ரோசாஃப்ட்டும் சேர்ந்து 2020-ல் ஓர் ஆய்வை வெளியிட்டன. 48 மாணவர்களில் ஒரு பகுதியினர் தனி அறையில் போர்டில் எழுதினார்கள், மற்றவர்கள் தேர்வாளர் முன்னால் எழுதினார்கள். ஆள் முன்னால் எழுதியவர்களின் செயல்பாடு பாதிக்கும் மேல் குறைந்துவிட்டது. அப்படி எழுதிய பெண்களில் ஒருவர்கூடத் தேறவில்லை. தனியாக எழுதிய பெண்களோ எல்லோரும் தேறினார்கள். சின்ன ஆய்வுதான், இதை வைத்து உலகத்துக்கே தீர்ப்பு எழுத முடியாது. ஆனாலும் போர்டு முன்னால் திணறுகிறவரைப் பார்த்து 'இவருக்கு ஒன்றும் தெரியவில்லை' என்று குறித்துக்கொள்ளும் கை கொஞ்சம் தயங்கத்தான் வேண்டும்.

ஆத்தூர்ப் பக்கத்திலிருந்து பாலிடெக்னிக் முடித்த ஒரு பெண் எங்களிடம் வந்தார். போர்டில் இரண்டு வரிக்கு மேல் நகரவில்லை. சரி, நீங்களே எழுதியது ஏதாவது இருந்தால் காட்டுங்கள் என்றோம். மாமாவின் கொலுசுப் பட்டறைக்குச் செய்த கணக்கு நிரலை லேப்டாப்பில் திறந்தார். வெள்ளி கொடுத்த எடை, கொலுசாகத் திரும்பி வந்த எடை, டச் (அதாவது வெள்ளியின் சுத்தம்), சேதாரம், கூலி எல்லாம் அதில் இருந்தது. முதலில் கிராமைத் தசமப் புள்ளியோடு அப்படியே வைத்திருந்தாராம், மாதக் கடைசியில் கூட்டல் ஒட்டவில்லை. கணினியில் 0.1-ஐயும் 0.2-ஐயும் அந்த முறையில் கூட்டினால் 0.3-க்கு ஒரு மயிரிழை தள்ளித்தான் வரும். அதனால் எல்லா எடையையும் மில்லிகிராமாக்கி முழு எண்ணாக மாற்றிவிட்டாராம். பாதி தமிழும் பாதி இங்கிலீஷுமாக அவர் அதைச் சொல்லி முடித்தபோது எங்களுக்குக் கேட்க வேறு கேள்வி இல்லை. அனுபவம் உள்ளவர்களே பணக் கணக்கில் இந்த இடத்தில் சறுக்கியதைப் பார்த்திருக்கிறேன்.

இப்போது போனில் கூப்பிடும்போதே கேட்டுவிடுகிறோம். ஒரு வேலை கொடுத்தால் வீட்டிலிருந்து செய்து அனுப்புகிறீர்களா, எங்கள் ஆளோடு உட்கார்ந்து ஒரு பிழையைத் தேடுகிறீர்களா, உங்கள் பழைய நிரலைக் கொண்டுவந்து விளக்குகிறீர்களா? நிரல் எழுதும் போட்டிகளில் கலந்துகொண்டு பழகியவர்கள் போர்டுதான் வேண்டும் என்கிறார்கள், அதுவும் சரி. கேம்பஸில் நூற்றுக்கணக்கானோர் வரிசையில் நிற்கும்போது இதெல்லாம் ஆகாது. முதல் வடிகட்டலுக்கு ஆன்லைன் தேர்வு வைத்துத்தான் ஆக வேண்டும்.

வீட்டுக்குக் கொடுக்கும் வேலையிலும் அநியாயம் நடக்கிறது. சனி, ஞாயிறுக்குள் முழுச் செயலியையே செய்து அனுப்பச் சொல்கிறார்கள். பெங்களூரில் வேலை பார்த்துக்கொண்டு வெள்ளி இரவு ஊருக்கு பஸ் ஏறுகிறவரும், கைக்குழந்தை வைத்திருப்பவரும் அதற்கு எங்கே போவார்கள்? இரண்டு மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும் எதையும் நாங்கள் கொடுப்பதில்லை.

இந்த நெகிழ்வில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. ஆளுக்கு ஒரு விதமாகச் சோதித்தால், 'நம்ம ஊர்ப் பையன், பேச்சு நல்லா இருந்துச்சு' என்பதே மதிப்பெண்ணாகிவிடும். ஆள் எடுக்கும் முறைகளைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து சாக்கெட் என்ற பேராசிரியரின் குழு 2022-ல் வெளியிட்ட கணக்கில், கேள்விகளையும் மதிப்பெண் முறையையும் முன்கூட்டியே வகுத்துக்கொண்ட நேர்காணல்தான், யார் வேலையை நன்றாகச் செய்வார் என்று கணிப்பதில் முதலிடத்தில் வந்தது. எனவே வந்தவர் எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும் எங்கள் தாள் ஒன்றுதான். பிரச்சினையைச் சரியாகப் புரிந்துகொண்டாரா, பிழையை எப்படித் தேடினார், எழுதியது இன்னொருவருக்குப் புரியுமா, தெரியாததைத் தெரியாது என்றாரா? ஒவ்வொன்றுக்கும் எதற்கு எத்தனை மதிப்பெண் என்று ஆள் உள்ளே வருவதற்கு முன்பே எழுதிவிடுகிறோம். பார்த்த இருவரும் தனித்தனியே போட்ட பிறகுதான் பேசிக்கொள்வோம்.

வீட்டில் செய்தால் சாட்ஜிபிடி எழுதிக் கொடுத்துவிடாதா என்று நண்பர்கள் கேட்கிறார்கள். கொடுக்கட்டும். மறுநாள் வந்து பக்கத்தில் உட்காரச் சொல்லி, 'ஒரே பில்லில் இரண்டு டச் வெள்ளி வந்தால் இதை எங்கே மாற்றுவீர்கள்?' என்று கேட்போம். தானே யோசித்தவர் நேராக அந்த இடத்துக்குப் போகிறார். மற்றவர் தான் அனுப்பிய நிரலையே அப்போதுதான் முதல்முறையாகப் படிக்கிறார், பத்து நிமிடத்தில் இருவருக்குமே விஷயம் தெரிந்துவிடுகிறது.

இப்படிக்கு,
மென்பொருள் நிறுவனம் நடத்தும் ஒரு வாசகர்,
அழகாபுரம், சேலம்-16.