வலது மணிக்கட்டில் நாடி திரும்பியது: ஒரு நன்றி மடல்

என் கையைக் காத்துத் தந்த அனைவருக்கும் வணக்கம்.

சென்ற தை மாதம் மார்பு வலிக்காக எனக்கு மணிக்கட்டில் கட்டைவிரல் பக்கத் தமனி வழியாகக் குழாய் விட்டு ஆஞ்சியோகிராம் செய்தார்கள். மாத்திரையே போதும் என்று மறுநாள் வீட்டுக்கு அனுப்பத் தயாரானபோது, கையில் வலியும் இல்லை, நிறமும் மாறவில்லை. நாற்பது ஆண்டுகளாகக் கத்தரி பிடித்த தையற்காரனான எனக்கே ஒன்றும் தெரியவில்லை. வார்டில் இருந்த செவிலியர்தான் விடவில்லை. நாடி மெலிதாகத் துடித்தாலும், அது சுண்டுவிரல் பக்கத் தமனியிலிருந்து உள்ளங்கை வழியே திரும்பி வரும் ரத்தமாக இருக்கலாம் என்று சொல்லி, ஆக்சிஜன் பார்க்கும் கிளிப்பை என் கட்டைவிரலில் மாட்டிவிட்டு, அந்தத் தமனியை அழுத்திப் பிடித்தார். திரையில் ஏறி இறங்கிக்கொண்டிருந்த அலை அப்படியே படுத்துக் கோடாகிவிட்டது; குழாய் நுழைந்த தமனி அடைத்திருக்கிறது என்று அதில் தெரிந்தது. தங்கையே, நீங்கள் அழுத்திய அந்த அரை நிமிடத்துக்கு நான் என்ன கைம்மாறு செய்வேன்?

2 முதல் 3 மில்லிமீட்டர் அகலமே உள்ள தமனியில் ஏறக்குறைய அதே பருமனுள்ள குழாய் நுழைந்ததில் உட்சுவர் சிராய்ந்து, ரத்தம் கசியாமலிருக்க மேலே கட்டிய பட்டையும் இறுக்கமாக இருந்ததால் ரத்தம் உறைந்திருக்கிறது என்று, ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன் எடுத்தவர் பொறுமையாக விளக்கினார். பட்டையை இறுக்கியவர்மேல் எனக்கு வருத்தமே இல்லை என்றால் பொய். விரல் மரத்தபோது வாய்திறந்து சொல்லாதது என் தவறு.

சுண்டுவிரல் பக்கத் தமனியை ஒரு மணி நேரம் அழுத்தி வைத்துப் பார்த்தும் அடைப்பு திறக்கவில்லை; முதல் சில மணி நேரத்தில் செய்திருந்தால் பலன் கூடுதலாக இருந்திருக்குமாம். கைக்கு ஆபத்தில்லை என்று அத்துடன் விட்டிருக்கலாம். ஆனால், பின்னொரு நாள் ஸ்டென்ட் வைக்கவோ பைபாஸுக்கோ இதே தமனி தேவைப்படலாம் என்று இதய மருத்துவர் எடுத்துரைத்து, நான்கு வாரத்துக்கு, ரத்தம் உறையாமல் தடுக்கும் எனாக்ஸாபரின் ஊசி எழுதித் தந்தார். மருந்துக்கடைத் தம்பி ஒரு நாளும் ஊசி இல்லை என்று சொன்னதில்லை. போட்ட இடத்தைத் தேய்க்கக் கூடாது என்பதை நினைவில் வைத்து, நடுங்கும் கையோடு தினமும் என் வயிற்றில் ஊசி போட்ட மனைவிக்கு இந்த மடலில் ஒரு வரி போதாது.

நான்காம் வார முடிவில் அதே கிளிப்பை மாட்டி, அதே இடத்தை அழுத்தினார்கள். அலை படுக்கவில்லை, டாப்ளரிலும் ரத்த ஓட்டம் தெரிந்தது.

வார்டுத் தங்கை தம் சீருடை அளவை அனுப்பி வைத்தால் போதும். தையற்கூலி பற்றிப் பேச்சே வேண்டாம்.