கஞ்சா செய்திக்குக் கீழ ஒரு நம்பரும் போடுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

நம்ம திருநெல்வேலி பக்கத்துல வாரத்துக்கு ரெண்டு நாளாவது "கஞ்சா வைத்திருந்த வாலிபர்கள் கைது"ன்னு செய்தி வருது, போட்டோல துண்டால மூஞ்சிய மூடிட்டு நிக்கிற பயலுவள்ல பாதி பேருக்கு மீசையே சரியா முளைக்கல. தன் வீட்டுலயும் இப்படி ஒருத்தன் இருக்கான்னு தவிக்கிற அம்மா அத படிச்சா எங்க போவா, யாருகிட்ட கேப்பா, அது மட்டும் பேப்பர்ல எந்த மூலையிலயும் இல்ல.

எங்க அக்கா மவனுக்கு 18 வயசு, பாலிடெக்னிக் படிக்கான். சட்டைப் பையில பொட்டலம் சிக்கினதும் பதறிப்போயி, நகைய அடகு வச்சு 40 ஆயிரம் கட்டி வெளியூர்ல ஒரு மறுவாழ்வு மையத்துல கொண்டு விட்டோம். 45 நாள் பூட்டி வச்சு மொட்டையும் அடிச்சு அனுப்புனாங்க, பாக்கப் போனா கூட விடல. வெளிய வந்த பத்தாம் நாளு அதே வாய்க்கா பாலத்துல அதே கூட்டாளியளோட நிக்கான்.

பொறவு தான் பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரி மனநல ஓ.பி.க்கு கூட்டிட்டு போனோம். இவன படுக்க வைக்க வேண்டாம், காலேஜுக்கு போயிக்கிட்டே வரட்டும்னு டாக்டர் சொன்னப்ப எங்களுக்கு நம்பிக்கையே இல்ல. நாள் தவறாம சாராயம் குடிச்சு கை நடுங்குதவன், நிறுத்துனா வலிப்பு வாரவன், இவங்கள கண்டிப்பா பெட்ல சேத்துத் தான் பாக்கணுமாம், திடீர்னு நிறுத்துனா உசுருக்கே ஆபத்து. கஞ்சாவ விட்டா மொத ஒரு வாரம் தூக்கம் வராது, சோறு எறங்காது, சும்மா சும்மா கோவம் வரும், ரெண்டு வாரத்துல பெரும்பாலும் அடங்கிரும்னு விவரமா சொன்னாங்க. அந்த ராத்திரியெல்லாம் எங்க ஆச்சி தான் முழிச்சிருந்து அவன்கூட தாயம் வெளாடுனா, 2 மணிக்கு கட்டைய உருட்டுத சத்தம் எனக்கு கேக்கும்.

கவுன்சிலிங்ல அவன திட்டவே இல்ல. எப்ப ஆசை வருது, யாரு கூப்பிடுதா, எந்த எடம்னு நோட்டுல எழுதிட்டு வரச் சொன்னாங்க. சாயங்காலம் 6 மணி, பாலம்னு எழுதிருந்தான். ஆசை அலை மாதிரி ஏறி எறங்கும், ஒரு அரை மணி நேரம் தள்ளிப் போடுன்னாங்க, அந்த நேரத்துக்கு குறுக்குத்துறை படித்துறைக்கு போயி குளிச்சிட்டு வருவான். மூணாம் மாசம் மறுபடி ஒரு நாள் இழுத்துட்டான், அக்கா தலையில அடிச்சிட்டு அழுதா, அங்க என்னன்னா இது நடக்கக் கூடியது தான், மறைக்காம வந்து சொன்னான் பாருங்க, அதான் முக்கியம்னு திரும்ப ஆரம்பிச்சாங்க. எங்களையும் ஒக்கார வச்சு பேசுனாங்க, வீட்டுல பழச குத்திக் காட்டக் கூடாதுன்னு எனக்குத் தான் மொத பாடம்.

போலீஸ் கேஸ் ஆயிருமோன்னு பயந்தே நெறைய பேரு ஆஸ்பத்திரி பக்கம் போறதில்ல. போதைப்பொருள் சட்டத்துல 64ஏ-ன்னு ஒரு பிரிவு இருக்கு, சின்ன அளவுல மாட்டுனவன் தானா சர்க்கார் ஆஸ்பத்திரியில சிகிச்சைக்கு வந்தா வழக்குல இருந்து விலக்கு உண்டு, ஆனா பாதியில விட்டா அதுவும் பறிபோகலாம். இது எத்தன வீட்டுக்குத் தெரியும் சொல்லுங்க.

அதனால கேக்கேன், கைது செய்தி போடும்போதெல்லாம் கீழ ரெண்டே ரெண்டு வரி போடுங்க. போதை மீட்புக்கு 14446, மனசு விட்டு பேச 14416, ரெண்டுக்கும் காசு கெடையாது. கூடவே பக்கத்து அரசு ஆஸ்பத்திரியில மனநல ஓ.பி. என்னைக்கு, எத்தன மணிக்குன்னும் விசாரிச்சு போடுங்க. முன்னமே இப்படி போட்டிருந்தீங்கன்னா, நாங்க அந்த 40 ஆயிரத்துக்கு முன்னாடியே அங்க போயிருப்போம்.

இப்படிக்கு,
ஒரு தாய்மாமன்,
பேட்டை, திருநெல்வேலி