வாளை வளைத்தது குதிரை: சரித்திரப் படம் வரைவோருக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள ஓவியர்களே, கலை இயக்குநர்களே,

போன வாரம் என் மகள் ஒரு சிறுவர் புத்தகத்தில் சிலுவைப்போர் படம் ஒன்றைக் காட்டினாள். ஐரோப்பியர் கையில் எல்லாம் நேர்வாள். அவர்களை எதிர்த்த முஸ்லிம் மன்னர் சலாவுதீனின் ஆட்கள் கையில் எல்லாம் பிறை போல வளைந்த வாள். "கத்தியைப் பார்த்தாலே யார் எந்தக் கட்சின்னு தெரியுதுப்பா" என்றாள். வசதிதான். ஆனால் நடந்தது அப்படி இல்லை.

தொடக்ககால அரபுப் படைகளிடம் இருந்தது நேர்வாள். இஸ்தான்புல் டோப்காபி அரண்மனையில் நபிகளுடையவை, கலீஃபாக்களுடையவை என்று போற்றிக் காக்கப்படும் வாள்களில் பெரும்பாலானவை நேரானவையே. 1193இல் இறந்த சலாவுதீனின் காலத்தில் துருக்கிய வீரர்களிடம் வளைவாள் இருந்தது உண்மை. நேர்வாளும் கூடவே புழக்கத்தில் இருந்தது. மேற்காசியாவில் வளைவாளின் கை ஓங்கியது, 13ஆம் நூற்றாண்டில் மங்கோலியர் வந்த பிறகுதான்.

அந்த வளைவுக்கு மதம் கிடையாது. மத்திய ஆசியப் புல்வெளிகளில் குதிரைமேலேயே வாழ்ந்தவர்களின் ஆயுதம் அது. ஓடும் குதிரையிலிருந்து வீசினால் வளைந்த விளிம்பு பட்ட இடத்தில் சிக்கிக்கொள்ளாது, இழுத்து அறுத்துக்கொண்டே போகும். அரிவாள்மணையில் காய் நறுக்கியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அதே புல்வெளியிலிருந்து 9ஆம் நூற்றாண்டின் இறுதியில் மேற்கே போன ஹங்கேரியர் அதை ஐரோப்பாவின் நடுவுக்கே கொண்டுபோனார்கள். வியன்னா கருவூலத்தில், மேற்கு ஐரோப்பாவை ஆண்ட பழைய பேரரசர் சார்லமேனின் பெயரால் 'சார்லமேனின் வாள்' என்று ஒன்று இருக்கிறது. புனித ரோமப் பேரரசர்கள் முடிசூடும்போது இடையில் கட்டிக்கொண்டது அதைத்தான். வேடிக்கை என்னவென்றால், அது அச்சு அசலாகப் புல்வெளிக்காரர்களின் வளைவாள். சார்லமேன் இறந்து பல பத்தாண்டுகள் கழித்துச் செய்யப்பட்டது. அப்புறம் 1576இல் ஹங்கேரியப் பிரபு ஸ்டீபன் பாத்தரி போலந்துக்கு அரசரானதும் ஹங்கேரிய வளைவாள் அங்கே இன்னும் பரவியது. 1683இல் வியன்னாவின் வாசலில் ஒட்டோமானியரும் போலந்துக்காரரும் மோதியபோது இரண்டு பக்கமும் வளைவாள்தான். கத்தியைப் பார்த்துக் கட்சி சொல்ல முயன்றால் என் மகள் அங்கே திண்டாடியிருப்பாள்.

வளைவிலும் ஒரே அச்சு கிடையாது. பாரசீக ஷம்ஷீர் ஒல்லியாக, ஆழமாக வளையும். குத்துவதற்கு அவ்வளவு தோதில்லை. துருக்கியரின் கிலிஜ் நுனிப்பக்கம் அகலும். நம் நாட்டுத் தல்வாருக்குப் பிடியின் முனையில் வட்டத் தட்டு. நல்ல ஷம்ஷீர்களுக்கான உருக்குக் கட்டிகள் தென்னிந்தியாவிலிருந்து கப்பலேறிப் போயின என்பதையும் ஒரு காட்சியில் காட்டலாமே.

நெப்போலியனின் 1798 எகிப்துப் படையெடுப்புக்குப் பிறகு அங்கிருந்த மம்லூக் குதிரைவீரர்களின் வளைவாள் பாணி ஐரோப்பாவில் மோகமாகிவிட்டது. 1831இல் பிரிட்டன் தன் தளபதிகளுக்கே அந்தப் பாணியை முறையான வாளாக்கியது.

எனவே ஒரு வேண்டுகோள். அடுத்த முறை சலாவுதீனின் வீரர்கள் சிலருக்காவது நேர்வாள் கொடுங்கள். போலந்துப் பிரபுவின் இடையில் வளைவாளைத் தொங்கவிடுங்கள். யார் எந்தக் கட்சி என்பதைக் கொடியை வைத்துக் காட்டிக்கொள்ளலாம்.

அன்புடன்,
ஒரு வாசகன்