முருகன் பிழைத்தான்

குடியாத்தம்,
மார்கழி 27

சேகர்,

உன் மகள் நிச்சயதார்த்தத்துக்கு நான் வரவில்லை என்று உனக்குக் கோபம் இருக்கும். அந்த வாரம் முழுக்க வேலூரில் ஓர் ஆஸ்பத்திரி ஐசியு வாசலில் கிடந்தேன். நம் முருகனுக்குத்தான்.

கார்த்திகை மழை விட்டதும் மாட்டுக்குப் புல் அறுக்க ஏரிக்கரைக்குப் போய்வந்தான். பத்து நாள் கழித்துக் காய்ச்சல். பக்கத்து கிளினிக்கில் டெங்குவாக இருக்கும் என்றார்கள். நானும் பப்பாளி இலைச் சாறு பிழிந்து கொடுத்தேன், சிரிக்காதே. ஏழாம் நாள் கண் மஞ்சளடித்து, பேச்சுக் குழறிவிட்டது.

வேலூர் டாக்டரம்மா முதலில் சட்டையைக் கழற்றி உடம்பு முழுக்கத் தேடினார். இடது அக்குளில் இருந்தது: சிகரெட்டால் சுட்டதுபோலக் கறுத்த பொருக்கு, சுற்றிலும் சிவப்பு. வலி இல்லை, அரிப்பும் இல்லை. உண்ணிக் காய்ச்சலாம். புல்லிலும் புதரிலும் இருக்கிற, கண்ணில் படாத பூச்சிக் குஞ்சு கடித்து வருவது. அந்தக் கிளினிக்காரரை நான் திட்டவில்லை. அந்த ஏழு நாளும் அவனுக்குச் சட்டை மாற்றிவிட்டது நான்தானே.

உடனே டாக்சிசைக்ளின் ஆரம்பித்தார்கள். மலிவான மருந்து, சீக்கிரம் கொடுத்தால் இரண்டு நாளில் காய்ச்சல் இறங்கிவிடுமாம். இவனுக்கு இறங்கவில்லை. மண்ணீரல் வீங்கிவிட்டது, பிளேட்லெட் 28,000க்கு இறங்கிவிட்டது. ஃபெரிட்டின் என்று ஒரு ரத்தப் பரிசோதனை. ஆண்களுக்கு 300க்குள் இருக்க வேண்டியது, இவனுக்கு 14,000. அப்புறம் இடுப்பெலும்பில் ஊசி போட்டு மஜ்ஜை எடுத்துப் பார்த்தார்கள்.

நோயின் பெயர் ஹெச்.எல்.ஹெச். கிருமியை எதிர்க்கக் கிளம்பிய அணுக்கள் அடங்காமல் வெறிபிடித்துப் போவதாம். எட்டு அடையாளங்களில் ஐந்து இருந்தால் இதுதான் என்று கணக்கு, இவனுக்கு ஆறு. டாக்டரம்மா மைக்ரோஸ்கோப்பில் எடுத்த படத்தைப் போனில் காட்டினார். பெரிய அணு ஒன்று, அதன் வயிற்றுக்குள் இவனுடைய சிவப்பணுக்கள் மூன்று, முழுசு முழுசாக. வேலியே பயிரை மேய்ந்ததைக் கண்ணால் பார்த்தேன், சேகர்.

இது சில குழந்தைகளுக்குப் பிறவிக் குறையால் வரும், பெரியவர்களுக்குக் கிருமியோ புற்றுநோயோ தூண்டிவிட்டு வரும் என்றார். புற்றுநோய் இல்லை என்று முடிவு தெரியும்வரை இரண்டு நாள் அம்மாவிடம் எதுவும் சொல்லவில்லை. கீமோ மருந்துகூடத் தேவைப்படலாம் என்றார்கள். நல்லவேளை, டாக்சிசைக்ளினும் ஸ்டீராய்டுமே போதுமாக இருந்தது. நாலாம் நாள் காய்ச்சல் விட்டது. அன்று மாலை "மாட்டுக்குத் தண்ணி காட்டினீங்களா?" என்று கேட்டான் பார், அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

இப்போது வீட்டில் இருக்கிறான். ஸ்டீராய்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கிறார்கள். முகம் பூரிபோல உப்பியிருக்கிறது, பசியோ அடங்கவில்லை. மாட்டை விற்றுவிடு என்றேன், கேட்கவில்லை.

பொங்கலுக்கு மாப்பிள்ளை வீட்டாரைக் கவனித்துவிட்டு இரண்டு நாள் இங்கே வா. ஏரிக்கரைக்குப் போகலாம் என்று அவனே உன்னைக் கூப்பிடுவான். முழுக்கைச் சட்டை எடுத்து வா.

உன்,
ராமு