எழுத்துருத் தொகுப்பையும் நம் நிரல் திறக்க வேண்டும்: நன்கொடை வேண்டுகோள்

அன்புள்ள நண்பர்களே,

கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஞாயிறுதோறும் கூடி, ஊர்க்காரர்களின் எழுத்துகளை, நாங்கள் எழுதிய கணினி நிரல் ஒன்றைக் கொண்டு பிடிஎஃப் புத்தகமாக்கித் தருகிறோம். போன மாதம் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், தன் அம்மா பாடிய தாலாட்டுகளை மேக் கணினியில் தட்டச்சு செய்து கொண்டுவந்தார். எழுத்துரு, தமிழ் சங்கம் எம்என். நம் நிரல் அந்த எழுத்துருக் கோப்பைத் திறக்கவே இல்லை.

அது டிடிசி கோப்பு, அதாவது எழுத்துருத் தொகுப்பு. சாதா எழுத்து, தடித்த எழுத்து என்று ஒன்றுக்கு மேற்பட்ட எழுத்துருக்கள் ஒரே கோப்பில் இருக்கும். எழுத்து வடிவங்கள் போன்ற விவரங்கள் அடங்கிய பொதுவான அட்டவணைகளை ஒருமுறை மட்டும் வைத்தால் போதும் என்பதால் இடம் மிச்சம். கோப்பின் தலையில் 'டிடிசிஎஃப்' (ttcf) என்ற 4 ஆங்கில எழுத்து அடையாளம். பிறகு பதிப்பு எண், எத்தனை எழுத்துருக்கள், ஒவ்வொன்றும் எங்கே தொடங்குகிறது என்ற விவரம். நம் நிரல் நம்பியிருக்கும் திறமூல பைத்தான் லைப்ரரி (பிறர் எழுதி எல்லோருக்கும் பொதுவாக வைத்திருக்கும் நிரல் தொகுப்பு) அந்த அடையாளத்தைப் பார்த்ததுமே பிழை காட்டி நின்றுவிடுகிறது.

எத்தனையாவது எழுத்துரு வேண்டும் என்று கேட்டு, அந்த இடத்துக்குப் போய்ப் படித்தால் சரி என்றுதான் நாங்களும் நினைத்தோம். முயன்றபோது குப்பையாக வந்தது. அட்டவணைகளின் இடம் முழுக் கோப்பின் தொடக்கத்திலிருந்து எண்ணப்படுகிறது. நாங்கள் அந்த எழுத்துருவின் தொடக்கத்திலிருந்து எண்ணிவிட்டோம். அப்புறம், தொகுப்பை அப்படியே பிடிஎஃபுக்குள் வைக்க முடியாது, வேண்டிய ஒன்றைத் தனியாகக் கட்டி வைக்க வேண்டும். கொம்பும் காலும் சரியாக உட்கார, எழுத்துகளை இடம்பார்த்து அடுக்கும் ஹார்ஃப்பஸ் என்ற நிரலுக்கும் அதே வரிசை எண்ணைச் சொல்ல வேண்டும்.

கோப்பைப் பிரித்து, ஒரே எழுத்துரு உள்ள டிடிஎஃப் கோப்பு ஆக்கிக்கொள்ளலாமே என்று சிலர் கேட்டார்கள். எழுத்துருவின் உரிமம் அதற்கு இடம்கொடுக்காமல் போகலாம். தவிர, தாலாட்டு எழுதிவரும் ஒருவரிடம் அதைச் செய்யச் சொல்வது நியாயமில்லை.

இதை முடித்துத் தர நம் குழுவிலேயே நிரல் எழுதும் இளைஞர் ஒருவர் இருக்கிறார். 2 மாதம் வேறு வேலை எடுக்காமல் உட்கார வேண்டும். சம்பளமில்லாமல் செய்யத் தயார் என்றார், குழு ஒப்புக்கொள்ளவில்லை. அவருக்கு ரூ. 50,000, சோதித்துப் பார்க்கப் பழைய மேக் மினி ஒன்றுக்கு ரூ. 20,000. எங்களுக்குள் ரூ. 18,000 சேர்ந்துவிட்டது. இன்னும் ரூ. 52,000 வேண்டும். எழுதும் நிரல் முழுவதையும் அந்த லைப்ரரிக்கே அனுப்பிவைப்போம்.

நூறு ரூபாயானாலும் சந்தோஷமாக வாங்கிக்கொள்வோம். ஞாயிறு மாலைக் கூட்டத்தில் பொருளாளரிடம் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். வரவு செலவுக் கணக்கு மாதம் ஒருமுறை கூட்டத்தில் வாசிக்கப்படும். தாலாட்டுப் புத்தகத்தின் முதல் படியைக் கொடுக்கும் நாளில் உங்களையும் அழைப்போம்.

இப்படிக்கு,
குழுவினர், கடலூர்