மச்சானுக்கு, உன் மேப் விஷயமா

மச்சான், உன் லெட்டர் வந்து ரொம்ப நாளாச்சு, பதில் போடணும் போடணும்னு தள்ளிட்டே போயிடுச்சு, கோச்சுக்காத. பிளானிங் பக்கம் மாறிட்டேன்னு படிச்சதும் சந்தோஷமா இருந்துச்சு. இங்க பெருசா ஒண்ணும் இல்ல, எனக்கு கண்ணாடி பவர் ஏறிடுச்சு, பொண்ணு ஜியாகிரபிதான் படிப்பேன்னு ஒத்தக்கால்ல நிக்கிறா.

எல்லா டேட்டாவையும் ஒரே மேப்ல ஏத்திட்டா பாலிசி தானா வந்துடும்னு உங்க ஆபீஸ்ல பேசிக்கிறாங்கன்னு எழுதியிருந்தியே, அங்கதான் எனக்கு இடிக்குது. பிரேசிலையே எடுத்துக்க. அமேசான் காடு எவ்ளோ போச்சுன்னு 1988லேர்ந்தே சாட்டிலைட் வெச்சு வருஷா வருஷம் கணக்கு எடுத்துட்டுதான் இருந்தாங்க, ஆனா கணக்கு கைக்கு வர்றதுக்குள்ள வெட்டுனவன் அங்க மாட்டையே மேய விட்டுருப்பான். 2004ல டிடெர்னு ஒரு சிஸ்டம் கொண்டாந்தாங்க, படம் ரொம்ப மங்கல்தான், ஆனா சீக்கிரம் வரும், புதுசா எங்க வெட்டுறாங்கன்னு அலர்ட் நேரா ஆக்‌ஷன் எடுக்குறவங்க கைக்குப் போகும். அந்த வருஷம் 27,000 சதுர கிலோமீட்டருக்கு மேல போன காடு, 2012ல 4,600 பக்கம் இறங்கிடுச்சு. மேப்பால மட்டும்னு சொல்ல மாட்டேன், அபராதம் போட்டாங்க, வெட்டுற ஏரியாவுக்குக் கடனை நிறுத்துனாங்க, 2006ல சோயா வியாபாரிங்களும் புதுசா வெட்டுன நிலத்து சோயாவ வாங்க மாட்டோம்னுட்டாங்க. அப்புறம் பிடி தளர்ந்துச்சு, 2021ல 13,000த்தைத் தாண்டிடுச்சு. சாட்டிலைட் என்னவோ அப்பவும் மேலதான் சுத்திட்டு இருந்துச்சு!

அதனால மீட்டிங்ல யாராவது மேப் மேல புது லேயர், அதாவது இன்னொரு அடுக்கு டேட்டா, வேணும்னா, இந்த லேயர் மாறுனா எந்த ஆபீசர் என்ன செய்யணும்னு மொதல்ல கேளு. பதில் இல்லேன்னா அது செவுத்துல மாட்டத்தான்.

அப்புறம் எங்க எவ்ளோ சூடுன்னு வார்டு வாரியா கலர் அடிக்கிற மேப், அதைப் பாத்தாலே எனக்கு எரிச்சல். ஒரு வார்டுல பாதி மரம், பாதி தகர ஷீட்டுன்னா சராசரி எடுத்ததும் நடுத்தரமான கலர் வந்துடும், வெயில்ல வேகுறவன் அந்த சராசரிக்குள்ள காணாமப் போயிடுவான். எல்லையைக் கொஞ்சம் தள்ளிப் போட்டா அதே டேட்டா வேற கதை சொல்லும், இது தெரிஞ்சே கோடு போடுற ஆளும் உண்டு. முடிஞ்ச வரைக்கும் தெரு அளவுல பாரு.

டேட்டா வாங்க பணம் இல்லன்னு யாராவது சொன்னா நம்பாத. அமெரிக்காவோட லேண்ட்சாட் சாட்டிலைட் படம் 2008லேர்ந்து ஃப்ரீ, ஐரோப்பாவோட சென்டினல்-2 படமும் ஃப்ரீ, அதுல ஒரு புள்ளி தரையில 10 மீட்டர் அளவு வரைக்கும் நுணுக்கமா இருக்கும். ஒண்ணே ஒண்ணு, மேகம் இருந்தா இது ரெண்டுமே குருடு, வெள்ள நேரத்துல ரேடார் படம்தான் கைகுடுக்கும், அது சென்டினல்-1ல கிடைக்கும்.

உங்க வெள்ள மேப்ல அந்த அபாயக் கோடு எந்த வருஷம் வரைக்குமான மழைக் கணக்கை வெச்சுப் போட்டதுன்னு விசாரிச்சு எழுது. பழைய கணக்குன்னா அதை வெச்சு வீடு கட்ட அனுமதி குடுக்குறதை மொதல்ல நிறுத்தச் சொல்லு, மத்த லேயர் எல்லாம் அப்புறம் பாத்துக்கலாம். தங்கச்சியக் கேட்டேன்னு சொல்லு.